எறும்பு ஏறிய அருவி

மூசாவுக்கு ஆவுடைநாயகம் கொடுக்க வேண்டியிருந்தது முப்பத்தேழு ரூபாய். ஐம்பத்தைந்தாம் வருஷம் அது. தென்காசியில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை மூசாவுடையது. அங்கே இரண்டு கட்டுக் கண்ணாடியைக் கடனாக வாங்கி, குற்றால அருவியை முழ உயரப் பெட்டிக்குள் அடைத்து, சீசனுக்கு வருகிறவர்கள் தலையில் கட்டிப் பணக்காரர் ஆகிவிடுவது என்று திட்டம்.

பின்னாளில் ஆவுடைநாயகம் இந்த மாதிரிப் பெட்டிகள் செய்தே மேலகரத்தில் மச்சுவீடு கட்டியவர்தான். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர், யாரிடமும் கைகட்டித் தொழில் படிக்காதவர். இதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் அவரே சொல்லுவார். முதல் பெட்டியைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்.

அன்று மூசா கண்ணாடியோடு அளவுகோலையும் நீட்டினார்.

“கண்ணு இல்லாதவனுக்குத்தான் பாய் கோலு. எனக்குக் கண்ணே கோலு.”

“கண்ணுக் கணக்கு தப்பிச்சுன்னா?”

“சாரல் முடியுததுக்குள்ள ரூவா உம்ம கையில இருக்கும். இல்லன்னா ஒரு வருசம் உம்ம கடையில கண்ணாடி தொடைக்கேன்.”

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். நாலு பேர் இருந்தால்தான் ஆவுடைநாயகத்துக்கு இப்படி வாய் நீளும்.

கண்ணே கோலாக வெட்டிய இருபத்துநாலு கண்ணாடியில் பத்தொன்பது ஒன்றோடொன்று சேரவில்லை. மிஞ்சிய ஐந்தில் ஒரே ஒரு பெட்டி தேறியது. பாறைக்கு வேப்பம்பட்டை, மரத்துக்கு அருவிக்கரைப் பாசி. குளிக்கிற ஆட்களை நெட்டித் தக்கையில் சுண்டுவிரல் நக உயரத்துக்குச் செதுக்கினார். நட்டநடுவில் நின்ற ஆளுக்கு மட்டும் மீசை. யார் என்று சொல்லவும் வேண்டுமா? அருவிக்கு இலவம்பஞ்சு. பஞ்சு மினுங்கவில்லையே என்று உப்பைத் தூவினார். சாரல் ஈரத்தில் உப்பு கசிந்து, விடிவதற்குள் மீசைக்காரர் குப்புறக் கிடந்தார். அவரை நிமிர்த்தி ஒட்டிவிட்டு, அடுத்து சீனியை எடுத்தார்.

“காப்பிக்கு வச்சிருந்த சீனி” என்றாள் அவர் மனைவி வடிவம்மாள். “அருவிக்கு இனிப்பு கொறையுதாக்கும்?”

“ஏட்டி, பளபளப்பைப் பாரு.”

“பாக்கேன். பெட்டி மூலையில சந்து தெரியுது, அதையும்தான் பாக்கேன்.”

“அது காத்தோட்டம்.”

பேரருவிக்குப் போகிற பாதையில் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விலை நாற்பது ரூபாய். கேட்டவர்கள் அருவியில் நனையாமலே நடுங்கினார்கள். பத்து நாளில் விலை முப்பத்தேழுக்கு இறங்கியும் வாங்க ஆளில்லை. மூசா கடைக் கண்ணாடி எல்லாம் கனவில் வந்து வரிசையாக நின்றது.

பதினோராம் நாள் காத்தோட்டம் வழியாகக் கட்டெறும்பு வந்தது. ஊதினார், தட்டினார், போகவில்லை. பெட்டியைத் தூக்கிக் கவிழ்க்கப் போன சமயத்தில் மதுரைக்காரர் ஒருவரின் மகள் கத்தினாள்.

“அப்பா, கொரங்கு ஏறுது!”

ஆவுடைநாயகம் குனிந்து பார்த்தார். வேப்பம்பட்டைப் பாறையில் எறும்புகள் வரிசையாக ஏறின; ஆளுக்கொரு சீனியைக் கவ்விக்கொண்டு இறங்கின. நெட்டி ஆட்களுக்குப் பக்கத்தில் அவை தின்பண்டம் பறித்து ஓடும் குற்றாலத்துக் குரங்குகளாகவே தெரிந்தன. ஒன்று மீசைக்காரர் தலைமேல் நின்று சுற்றுமுற்றும் பார்த்தது. கவிழ்க்கப் போன கை அப்படியே பெட்டியைத் தடவிக் கொடுத்தது.

“ஆமா பாப்பா. பழக்கி எடுக்கவே மூணு மாசம் ஆச்சு.”

“எறும்புல்லா அது!” என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.

“ஓரணா வச்சிட்டுக் குனிஞ்சு பாரும். கொரங்கா தெரியலன்னா துட்டைத் திருப்பித் தாரேன்.”

திருப்பிக் கேட்டவர்கள் இரண்டே பேர். அவர்களும் பெட்டி பிறந்த வரலாற்றைக் கேட்கப் பொறுமை இல்லாமல் காசை விட்டுவிட்டுப் போனார்கள்.

காலையில் கொட்டும் அருவி சாயங்காலம் வற்றிவிடும். தினமும் சீனி போட்டு அருவி வளர்த்த மனுஷன் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். வீட்டில் கருப்பட்டிக் காப்பிதான்.

சாரல் நின்று வெயில் சுள்ளென்று அடித்த அன்று, தோளில் ஒரு துணியோடு மூசா பஸ்ஸை விட்டு இறங்கினார்.

“அண்ணாச்சி, தொடைக்கத் துணி கொண்டாந்திருக்கேன்.”

ஆவுடைநாயகம் பையைக் கொட்டினார். முப்பத்தாறு ரூபாய்க்கு நோட்டு. சில்லறை பதினைந்து அணா. மறுபடி எண்ணினார். பதினாறு அணா சேர்ந்தால்தான் முப்பத்தேழாவது ரூபாய்; ஓரணா குறைந்தது. பாதையில் ஒரு சுற்றுலாக்காரரும் இல்லை. பெருமையெல்லாம் நெற்றியில் வேர்வையாக இறங்கியது.

மூசா பெட்டிப் பக்கம் குனிந்தார். “உள்ள என்ன வே அசையுது?”

ஆவுடைநாயகம் சட்டென்று துண்டைப் போட்டுப் பெட்டியை மூடினார். “ஓரணா.”

“எனக்கா? என் கண்ணாடி வே இது!”

“கண்ணாடி உம்மது. கொரங்கு என்னது.”

மூசா முறைத்தார். பிறகு சட்டைப் பைக்குள் கைவிட்டு ஓரணாவை எடுத்துக் கொடுத்தார். துண்டு விலகியது. வெகுநேரம் குனிந்தே இருந்தவரின் தோள் குலுங்கியது.

“மீசைக்காரன் மூக்குல ஒண்ணு ஏறுது வே!”

“பாத்தாச்சுல்லா? கையை நீட்டும்.”

மூசா உள்ளங்கையை விரித்தார். ஆயுசில் எதையும் அளக்காத ஆவுடைநாயகம், நோட்டுகளை எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். அதன்மேல் பதினைந்து அணாவை எண்ணி அடுக்கினார். கடைசியாக மூசாவின் சூடு இன்னும் ஆறாத அந்த ஓரணாவை உச்சியில் வைத்தார்.