நைனாவுக்குப் போன ஓடிபி

மாலை மூன்று நாற்பத்திரண்டு. திருப்பதியில், பல்கலைக்கழக நூலகத்தில் மடிக்கணினியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, என் ஆய்வேட்டின் மேல் கிடந்த மஞ்சள் பட்டை. உரிமம் முடிந்துவிட்டது, படிக்கலாம், திருத்த முடியாது.

நெறியாளர் திருத்தச் சொன்ன பன்னிரண்டு இடங்கள் அப்படியே இருந்தன. ஐந்து மணிக்குள் ஏற்றாவிட்டால் இன்னும் ஆறு மாதம். வேறு மென்பொருளில் திறந்தால் தமிழும் தெலுங்கும் கலந்த அட்டவணைகள் சிதறின.

ஆபீஸ் மென்பொருளைப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தருகிறது. ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான ஓடிபி, சேர்க்கைப் படிவத்தில் எழுதிய எண்ணுக்குப் போகும். எங்கள் பக்கத்தில் பெண்கள் அந்தக் கட்டத்தில் அப்பாவின் எண்ணை எழுதுவார்கள். பத்து வருடம் பத்திரிகையில் வேலை பார்த்துவிட்டுச் சேர்ந்த நானும் என் நைனாவின் எண்ணைத்தான் எழுதியிருந்தேன். நைனா நகரியில் விசைத்தறி ஓட்டுகிறார்.

உதவி மையத்துக்கு ஓடினேன். அங்கிருந்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நம்பர் மாத்தலாம் மேடம். பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அத சொல்லுங்க."

மூன்று முறைதான் ஓடிபி கேட்கலாம். முதல் முறை நைனா எடுக்கவே இல்லை. இரண்டாம் முறை இரைச்சலுக்கு மேல் கத்தினார்: "தறி ஓடிக்கினு கீது, அப்பால பேசு!" மூன்றாம் முறை வெளியே வந்து பேசினார். மணி நாலு முப்பத்தெட்டு.

"நைனா, இப்ப ஆறு நம்பர் வந்திருக்கும். சொல்லு."

"வந்துகீது. சொல்ல மாட்டேன்."

"நான்தான் நைனா. என் நம்பர் தெரியுது இல்ல?"

"நம்பரும் மாத்துவானுங்க, கொரலும் மாத்துவானுங்க. பெத்த புள்ளையே கேட்டாலும் சொல்லாதன்னு எம் பொண்ணு பேப்பர்லயே எழுதிகீது."

எழுதியது உண்மை. கத்தரித்து அவர் சட்டைப் பையில் வைத்ததும் நானே.

"சரி, எனக்கு மட்டும் தெரிஞ்சது எதுனா கேளு."

யோசித்தார். பத்து நிமிடத்தில் காலாவதியாகும் எண்ணுக்கு ஒரு நிமிடம் யோசித்தார்.

"எங்க தறிக் கொட்டாய் வாசல்ல எத்தினி படி?"

"மூணு."

"போன வைய்யி, திருட்டுக் கய்தே."

திரும்பக் கூப்பிட்டேன். அணைத்துவிட்டிருந்தார். கணக்கு இருபத்துநாலு மணி நேரத்துக்குப் பூட்டிக்கொண்டது. ஐந்து மணிக்கு ஆய்வேடு ஏற்றும் பக்கமும் மூடியது.

தறிக்கூடத்து வாசலில் இப்போது நான்கு படிகள். நான்காவதைப் போன மழைக்காலத்துக்கு முன் கட்டினார்கள்.