முதலாளி மேசையிலிருந்து இறங்கிய கம்ப்யூட்டர்

நான் நாலாங்கிளாஸ் தாண்டாதவன். மளிகைச் சாக்கு தூக்கக் கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வந்து, அரவேணுவில் சொந்தமாகத் தேயிலை ஃபேக்டரி போட்டவன். ஆளை எடைபோடுவதில் என்னை மிஞ்ச இந்த வட்டாரத்தில் இனிமேல்தான் ஒருத்தன் பிறக்க வேண்டும். அப்படி நான் எடைபோட்டு எடுத்த ஆள்தான் வேலாமணி.

மோட்டார் பழுது பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன். ஆஃபீசுக்குக் கம்ப்யூட்டர்கள் வந்தபோது, கம்பி இழுக்கிறவன்தானே என்று அதையும் அவன் தலையில் கட்டினேன். கோவைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தான். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, எதையாவது முணுமுணுத்தபடியே வேலை செய்வான். வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இன்டர்நெட்டுக்குப் போவது ப்ராக்ஸி என்கிற ஒரே வாசல் வழியாகத்தான். எந்த சைட்டை விடுவது, எதைத் தடுப்பது என்று அங்கே சொல்லி வைத்துவிடலாம். பச்சைத் தேயிலை விலை விழுந்து, பக்கத்து ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்த காலம். அப்போது போய் ஆஃபீசில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தால் வயிறு எரியாதா? எல்லாவற்றையும் அடைக்கச் சொன்னேன். நான் வாய்திறந்து சொல்லும் சைட்டுக்கு மட்டும்தான் விலக்கு. மீறித் திறந்தால் அன்றைக்கே ஊருக்குப் பஸ் ஏறலாம் என்றும் சொன்னேன்.

என் அறைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் வேலாமணி தடை எதுவும் வைக்கவில்லை. “மொதலாளி மெசினுக்கு எதுக்குங்க பூட்டு?” என்றான். நானோ அதைத் தொட்டதே கிடையாது. பூப்போட்ட துணி போர்த்தி, சந்தனப் பொட்டோடு மேசைமேல் வீற்றிருந்தது.

ஒருநாள் செல்ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டு, மலைக்குக் கீழே ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். அன்றைக்குப் பார்த்து வடக்கே ஒரு பாக்கெட் டீ கம்பெனி, குடோனில் தேங்கிக் கிடந்த எங்கள் டஸ்ட் டீ முழுவதையும் கேட்டது. மத்தியானத்துக்குள் அவர்களுடைய சைட்டில் சம்மதம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் வேறு ஃபேக்டரிக்கு. அது போனால் நானும் பூட்ட வேண்டியதுதான். விற்பனையைக் கவனிக்கும் தாரிணி திறந்து பார்த்தாள். தடை என்று காட்டியது.

“ஏனுங்ண்ணா, தெறந்து உடுங்க. பாஸ்வேர்டு உங்ககிட்டத்தான இருக்குது?”

“பாஸ்வேர்டு எங்கிட்ட இருக்குதம்மிணி. உத்தரவு மொதலாளிகிட்டல்ல இருக்குது!” என்றான் வேலாமணி.

“அப்ப அவரு ரூம்ல உக்காந்து அனுப்பிச்சுடுங்க. அந்த மெசின்லதான் எல்லாம் தெறந்து கெடக்குதே.”

“அவரு சேர்ல நானா? நீ போயி உக்காரு பாக்கலாம்.”

தாரிணி அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டாள். என் நாற்காலியில் என் பெண்டாட்டிகூட உட்கார்ந்ததில்லை.

“ஃபேக்டரியப் பூட்டுனதுக்கப்புறம் அந்தச் சேர்ல ஆரு உக்காந்தா என்னங்ண்ணா?” என்றாள்.

வேலாமணியின் முணுமுணுப்பு நின்றது. உள்ளே போனான். துணியை எடுத்து மடித்து வைத்தான். ஒயர்களைக் கழற்றி, பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிவந்து தாரிணியின் மேசையில் இறக்கினான். விலக்கு மெஷினுக்குத்தானே, மேசைக்கு இல்லையே! எங்கே கொண்டுபோய் வைத்தாலும் ப்ராக்ஸிக்கு அது முதலாளி மெஷின்தான். சைட் திறந்தது. தாரிணி சம்மதத்தை அனுப்பினாள். ஆர்டர் எங்களுக்கே கிடைத்தது.

சாயங்காலம் வந்து பார்த்தால் என் மேசை வெறுமையாக இருந்தது.

“சேர்ல உக்காரலீங்க. புதுசா ஒண்ணும் தெறக்கலீங்க. திட்டறதுன்னா மெசினத் தூக்குனதுக்கு மட்டும் திட்டுங்க” என்றான் வேலாமணி.

சிரித்துவிட்டேன். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. திறந்து வைத்ததெல்லாம் தொடாத என் கைக்கு. வேலை செய்கிறவள் கைக்கு எல்லாம் அடைப்பு. இது ஏன் எனக்கு முன்னமே தோன்றவில்லை என்று வெகுநேரம் யோசித்தேன்.

“இனிமே யாவார சைட்டு எதுன்னாலும் நீயே பாத்துத் தெறந்துக்கோ. என்னையக் கேக்க வேண்டாம்.”

“கிரிக்கெட்டுங்க?”

“ஒதப்பேன்.”

அந்தக் கம்ப்யூட்டர் தாரிணி மேசையிலேயே தங்கிவிட்டது. என் மேசையில் இப்போது டீ ருசி பார்க்கும் கோப்பைகள். அந்த மெஷினின் சந்தனப் பொட்டைத் துடைக்கத்தான் வேலாமணி இன்னும் விடவில்லை.