எழுபத்து நான்காம் எண்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் கணினிப் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். உலையைக் குளிர்விக்கும் தண்ணீரின் அழுத்தத்தையும், ஆபரேட்டர் அழுத்தும் பொத்தான்களையும் நொடிக்கு நொடி குறித்துவைக்கும் பெர்ல் நிரலை நான்தான் எழுதினேன். குறித்தது, கரண்ட் போனால் அழிந்துவிடும் நினைவகத்திலேயே தங்கிவிடாமல் உடனே வட்டில் பதிய வேண்டுமானால், இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்க வேண்டும். இன்டெல் கணினியில் அந்த வேலைக்கு எண் 74. பெயர் சொல்லிக் கேட்கவும் பெர்லில் வழி இருக்கிறது. நான் திமிராக எண்ணையே போட்டேன். சொன்ன வேலை நடந்ததா என்று பதிலையும் பார்க்கவில்லை. பிறகு தூசியில் அந்தக் கணினி செத்தது. நிரலை அப்படியே வேறு வகைச் சிப் கொண்ட ஒரு சின்ன ஏஆர்எம் போர்டுக்கு மாற்றினேன். ஓடியது. ஓடுகிறதே, போதாதா என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் காலை ஷிஃப்டில் தண்ணீர் அழுத்தம் விழுந்து, உலையைச் சூடாக்கும் செம்புச் சுருள் வெடித்து, ஆலை முழுக்கக் கரண்ட் போனது. அலாரம் அடித்ததுமே நிறுத்தும் பொத்தானை அழுத்தியதாக உலை ஆபரேட்டர் சொன்னார். பழவேற்காட்டு மீன்பிடிக் குடும்பத்துக்காரர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். என் பதிவில் அழுத்தம் விழுந்தது இருந்தது. பொத்தான் இல்லை.

"நல்லா பாரும்மா. நான் அழுத்துனேன். உன் பொட்டில இருக்கும்."

மூன்று தடவை பார்த்துவிட்டு, "இல்லைண்ணா" என்றேன். வேலை போய்விடுமே என்று பொய் சொல்கிறார் என எனக்கு எரிச்சல்கூட வந்தது.

ஐந்தாம் நாள், மின் பேனலில் கரண்ட் போன நேரத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். என் பதிவின் கடைசி வரி அதற்கு இருபது விநாடி முன்பே நின்றிருந்தது. நொடிக்கு நொடி எழுத வேண்டிய நிரல் அது. கெர்னல் தரும் பதிலைத் திரையில் வரவைத்தேன். மைனஸ் ஒன்று. மறுபடி மைனஸ் ஒன்று. மாதக்கணக்காக அது முடியாது, முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இந்தப் போர்டில் 74 வேறு எதற்கோ உள்ள எண். நான் கேட்டிருக்க வேண்டியது 82.

இந்த ஆலையில் பெர்ல் தெரிந்தவள் நான் மட்டும்தான். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: கால் மணி நேரம் அதைத்தான் யோசித்தேன். பிறகு மேனேஜர் அறைக்குப் போய், தவறு என் நிரலில்தான் என்று சொன்னேன்.

"அவன் பாவம்னு கத கட்டிக்கினு வந்தியா?" என்றார்.

"கதையில்ல சார். வாங்க, காட்டுறேன்."

உலைக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி, அதே பொத்தானை அழுத்தினேன். போர்டின் பிளக்கைத் தேடிப் பிடுங்குவதற்குள் அரை நிமிடம் ஓடிவிட்டது. திரும்பப் போட்டுப் பார்த்தால் என் அழுத்தல் பதிவில் ஜம்மென்று இருந்தது.

"இருக்குதே! சும்மா பேஜாரு பண்ணாதம்மா."

ஐயோ என்றிருந்தது. கேட்காவிட்டாலும் அரை நிமிடத்துக்குள் கெர்னல் தானாகவே வட்டில் எழுதிவிடும்; நான் தாமதித்ததில் அது எழுதி முடித்துவிட்டது. "இன்னொரு தபா சார், ஒரே தபா" என்று கெஞ்சினேன். இந்த முறை பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டே அழுத்தினேன். ஐந்து எண்ணினேன். பிடுங்கினேன். திரும்பப் போட்டு, போர்டு உயிர்பெற்றதும் பதிவைத் திறந்தேன்.

பொத்தான் இல்லை. மேனேஜர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"இப்பதான அழுத்துன? நான் பாத்தேனே!"

"பாத்தீங்க சார். அதுல இல்ல."

அவர் என்னை அறைக்குக் கூட்டிப்போய், அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். மேசை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன் வைத்தார். 'நான் பொத்தானை அழுத்தவில்லை. தவறு என்னுடையது.' கீழே அண்ணனின் கையெழுத்து, முந்தின நாள் தேதியோடு.

அண்ணன் உள்ளே வந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எதுக்குண்ணா இப்டி எழுதிக் குடுத்தீங்க? அழுத்துனேன்னு என்னாண்ட சொன்னீங்களே!"

"சொன்னேம்மா. மெசின் இல்லன்னுது. நீயும் மூணு தபா பாத்துட்டு இல்லன்ன. நாலு நாளா கண்ண மூடி மூடி யோசிச்சேன். நெசமாவே அழுத்தலியோன்னு தோணிப்போச்சு."

மேனேஜர் தாளைக் கிழித்தார். அண்ணன் அதைக் கவனிக்கவே இல்லை. என்னையே பார்த்தார்.

"அப்ப, நான் அழுத்துனேன் தானம்மா?"

அதற்கு என்னிடம் எந்தப் பதிவும் இல்லை.

"அழுத்துனீங்கண்ணா" என்றேன்.