கருங்கல் கல்லறைக்குக் காவிப் பட்டை

2023 நவம்பர் 1, புதன்கிழமை. எழுந்ததும் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். மழை அளக்க முற்றத்தில் வைத்திருக்கும் பாத்திரம் காய்ந்து கிடந்தது, குறித்துக்கொண்டேன். இட்லி, அலுவலகம், மாலை வழக்கமான பஸ்ஸில் வீடு.

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ராமநாதபுரத்தின் பழைய கல்லறைத் தோட்டம். மறுநாள் கல்லறைத் திருநாள். சிமெண்டுக் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலையை, ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து வந்திருந்த என் மச்சினனுக்கு வாங்கிக் கொடுத்திருந்தேன். இதைச் சுத்தமாகச் செய்தால் கிறிஸ்துமஸுக்கு சர்ச் முழுவதும் அவனுக்குத்தான் என்று ஃபாதர் சொல்லியிருந்தார். அவன் அதுவரை அடித்ததெல்லாம் ஊர்க் கோயில் சுவர்கள்.

சுவர் மேலாக எட்டிப் பார்த்தேன். தோட்டத்தின் நடுவில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் ஆள் உயரக் கருங்கல் கல்லறை உண்டு. யாரும் அதில் கைவைப்பதில்லை. அது வெள்ளையும் காவியுமாகப் பட்டை பட்டையாக நின்றது.

“ஏலே, என்ன வேலை பாத்து வச்சிருக்க?”

“நல்லாருக்குல்ல மச்சான்? கல்லுக் கட்டடத்தச் சும்மா விட்டா குத்தமாயிரும். காவி நான் கையோட கொண்டாந்தது.”

“அப்படியே துரைக்கு மொட்டை போட்டுக் காதும் குத்தியிருக்கலாம்ல? அதை ஏன் விட்ட?”

அதற்குள் என் மனைவியும் எட்டிப் பார்த்துவிட்டாள். “ஃபாதர் பூசை முடிஞ்சு இங்கன வருவாரு. பேசிக்கிட்டு நிக்காம ரெண்டு பேரும் தண்ணியத் தூக்குங்க.”

பட்டை இன்னும் காயவில்லை. தேங்காய் நாரால் தேய்த்தோம். காவி ஓடியது, வெள்ளையும் ஓடியது. செதுக்கிய எழுத்துகளின் பள்ளத்தில் மட்டும் சுண்ணாம்பு அப்பிக்கொண்டது. அதைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தபோது ஃபாதர் வந்து நின்றார்.

மச்சினன் முகம் செத்துப்போனது. “சாமி, தெரியாம...”

ஃபாதர் குனிந்தார். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். “பேரு, ஊரு எல்லாம் தெரியுதே! நான் இந்தப் பங்குக்கு வந்ததுலருந்து இதை வாசிக்கப் பாக்குறேன். நோண்டாதீங்க, இருக்கட்டும்.” பிறகு தரையில் ஓடிய சிவப்புத் தண்ணீரைக் கவனித்தார். “சர்ச்சுக்கு வெள்ளை மட்டும் போதும்ப்பா. உன் வாளியை நான் பாத்துட்டுத்தான் உள்ள விடுவேன்.”

மறுநாள் காலை முதல் வேலையாக, மீதிக் காவியைக் கொட்டிவிடச் சொன்னேன். மச்சினன் கேட்கவில்லை. எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் சுவருக்குப் பட்டை அடித்து முடித்துவிட்டுத்தான் காபிக்கு வந்தான்.