கண்டிக்குப் போன மாட்டு இரத்தம்

என் சித்தி நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு செவலைப் பசு வளர்த்தாள். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில், நான் கண்டியில் மிருக வைத்தியம் படித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பசு மெலியத் தொடங்கியது. காய்ச்சல் வரும், போகும். ஈறு வெளுத்துச் சுண்ணாம்பாகிவிட்டது. உண்ணி கடித்து வரும் இரத்த நோயாக இருக்கும் என்று அந்தப் பக்கத்து மிருக வைத்தியர் சந்தேகித்தார்; ஆனால் நுண்ணோக்கியில் ஒன்றும் அகப்படவில்லை. எந்த நோயென்று தெரியாமல் ஊசி போட அவர் தயங்கினார்.

“இறைச்சிக்குக் குடுத்துருங்கன்னு எல்லாரும் சொல்றாங்க புள்ள,” என்று, பார்க்கப் போயிருந்த என்னிடம் சித்தி அழுதாள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அப்போதுதான் ஒரு புதுச் சோதனை தொடங்கியிருந்தது. இரத்தத்தில் கொஞ்சம் ஒட்டுண்ணி ஒளிந்திருந்தாலும் போதும். அதன் மரபணுத் துண்டைப் பல இலட்சமாகப் பெருக்கி, கண்ணுக்குத் தெரியும் கோடாக்கிவிடலாம். வைத்தியர் எடுத்துத் தந்த இரத்தத்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, மடியில் அணைத்தபடி கண்டிக்குப் பஸ் ஏறினேன்.

பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு வயதான அம்மா, “தேத்தண்ணியா? ஒரு வாய் குடு புள்ள,” என்றார்.

“மாட்டு ரத்தம்ங்க.”

ஹட்டனில் இறங்கும்வரை அந்த அம்மா நின்றுகொண்டே வந்தார்.

மறுநாள் இருட்டறையில் சிங்களத் தோழியும் நானும் பெருக்கிய துண்டுகளை ஓடவிட்ட ஜெல் தகட்டைப் புறஊதா விளக்கின் மேல் வைத்தோம். நோயுள்ளதென்று ஏற்கெனவே தெரிந்த இரத்தத்தின் கோடு மினுங்கியது. அதற்கு நேரே, எங்கள் பசுவின் வரிசையிலும் ஒரு கோடு!

“ஆவா! ஆவா!” வந்துவிட்டது, வந்துவிட்டது என்று தோழி கத்தினாள். கைகோத்துக் குதித்ததில் நாற்காலி ஒன்று சாய்ந்தது.

தோட்டத்துக் கடைக்கு டெலிபோன் எடுத்துச் சித்தியைக் கூப்பிடச் சொன்னேன்.

“சித்தி, கிருமி இருக்கு! எந்தக் கிருமின்னும் தெரிஞ்சிருச்சு! மருந்து இருக்கு!”

“இருக்கா? ஐயோ, இருக்காம்ங்க!” என்று கடை முழுக்கக் கேட்கும்படி கூவிச் சிரித்தாள் சித்தி.

“மாட்டுக்கு நோவுன்னா இப்படியா சிரிப்பாங்க?” என்று கடைக்காரர் கேட்டது எனக்கும் கேட்டது. சித்தி இன்னும் பலமாகச் சிரித்தாள்.

வைத்தியர் அதற்குரிய ஊசியைப் போட்டார். மெல்ல மெல்ல ஈறு சிவந்தது. அடுத்த விடுமுறைக்கு நான் போனபோது பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகியபடி சித்தி பின்னால் ஓடினாள்.

“புடி புள்ள, புடி!”

பையைப் போட்டுவிட்டு நானும் ஓடினேன். தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்கவும் தோன்றாமல், மண்ணில் கிடந்து சிரித்தேன்.