உள்ளே மடித்த நூல்

அந்த மெத்தைக் கடையில் தினமும் சாயங்காலம் ஒரு வேலை பாக்கி இருக்கும். அம்மா உறைகளை மடித்து அடுக்குவாள். அப்பா பஞ்சு அடிக்கும் கோலை மூலையில் சாத்திவிட்டு முகம் கழுவப் போவார். அந்த நேரம் பார்த்து, ஆறு வயதுச் சின்னவள் அக்காவின் மடியில் தலையைச் சாய்த்துவிடுவாள். முடியில் ஒட்டிய பஞ்சை அக்கா ஒவ்வொன்றாக எடுப்பாள்.

"இன்னைக்கு இருபத்தொண்ணு. தலையா இது, தலையணையா?"

"நேத்து எத்தனை?"

"பதினாறு. இப்படியே போனா உறை போட்டு உன்னை வித்துடலாம்."

அவளுக்குப் பஞ்சு என்று பெயர் வைத்ததே அக்காதான். பள்ளிக்கூடத்துக்கென்று வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

அவர்கள் இருவருக்கும் ஒரு ரகசியமும் இருந்தது. தலையணையின் வாயைத் தைத்து முடித்ததும் எல்லோரும் முடிச்சுப் போட்டு நூலை ஒட்ட வெட்டுவார்கள். மெழுகு பூசிய நூல் அது. வெட்டிய முனை முள் மாதிரி நிற்கும். பஞ்சு கைக்குழந்தையாக இருந்தபோது அந்த முனை அவள் கன்னத்தைக் கீறி ரத்தம் பார்த்துவிட்டது. அன்றிலிருந்து அக்கா முடிச்சை மூலைக்குள் தள்ளி, மிச்ச நூலை இரண்டாக மடித்து உள்ளே செருகிவிடுவாள். வெளியே எதுவும் தெரியாது. மூலையில் சுண்டுவிரலை விட்டால்தான் மடிப்பு தட்டுப்படும். நூல் வீணாகிறது என்று அப்பா குதிப்பார் என்பதால், "இது நமக்குள்ள" என்று அக்கா சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம், அப்பா சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்தபோது, அக்கா அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சாயங்காலம்தானே எடுப்பே?"

"இன்னைக்கு இப்பவே எடுத்துடறேன்."

பாதி எடுத்திருப்பாள். எதிர்க்கடையில் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்தாள்.

"மீதி?"

"மீதிய வந்து எடுக்கறேன்."

எதிர்க்கடையில் உறை தைத்துக் கொடுத்த தையல்காரனோடு அக்கா போய்விட்டாள் என்பது சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்பா கத்தவில்லை. உள்ளே போய் அக்காவின் தலையணையை எடுத்து வந்தார். கத்தியால் வயிற்றைக் கிழித்துப் பஞ்சைக் கொட்டினார். யாருக்கோ அடித்துக்கொண்டிருந்த மெத்தைப் பஞ்சோடு அதைக் கலந்தார்.

"அப்பா, அது அக்காவோடது."

"எந்த அக்கா?" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடமில்லாமல் போயிற்று. ஆனால் பஞ்சு தன் தலையில் யாரையும் கை வைக்க விடவில்லை. மீதியை அக்கா வந்து எடுப்பாள். வரும்போது அது அங்கே இருக்க வேண்டும். எண்ணெய் இல்லை, சீப்பு இல்லை. முடி சிக்கு விழுந்து, சடைத்து, பேனும் சேர்ந்துகொண்டது. இரண்டு மாதம் பொறுத்த அம்மா, உறை வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மீதி இருக்கும்மா. அக்கா வந்து..."

"வர்றவளா இருந்தா எப்பவோ வந்திருப்பா. தலைய ஆட்டாம இரு, காது போயிடும்."

முடி தரையில் விழுந்தது. கூடவே பழைய பஞ்சும் விழுந்தது. அம்மா எல்லாவற்றையும் ஒன்றாகப் பெருக்கி வெளியே தள்ளினாள். மறுநாள் தெருப்பிள்ளைகள், "பஞ்சு போச்சு, கொட்டை நிக்குது" என்று கூவிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். அடுத்த வருஷம் வரைக்கும் தெருவில் அவள் பெயர் கொட்டை.

மேலும் இரண்டு மாதம் போனது. பக்கத்துத் தெருக் கணக்கு டீச்சர் ஒரு தலையணையோடு கடைக்கு வந்தார்.

"மை கொட்டிடுச்சுங்க. புதுசுதான், உறை மட்டும் மாத்திக் குடுத்தா போதும்."

தலையணையை வாங்கி உள்ளே வைப்பது இப்போது பஞ்சுவின் வேலை. இரண்டு கையாலும் அணைத்து வாங்கினாள். பழக்கத்தில் சுண்டுவிரல் தானாக மூலைக்குள் போயிற்று. நூல் உள்ளே மடிந்திருந்தது.

அவள் இன்னொரு முறை தடவிப் பார்த்தாள். இது நமக்குள்ள என்பது அந்த ஒரு நொடியில் மறந்துபோயிற்று.

"அப்பா, இது அக்கா தெச்சது. உள்ள கைய விட்டுப் பாருங்க, நூல மடிச்சு வெச்சிருக்கா. அக்கா மட்டும்தான் இப்படித் தெப்பா."

கோல் நின்றது. அப்பா வந்து தன் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

"வேலை சுத்தமா இருக்கே. எங்கங்க வாங்கினீங்க?"

"பஸ் ஸ்டாண்டு பின்னாடி ஒரு கடைங்க. மாடில பொண்ணுங்க உக்காந்து தெக்கறாங்க."

டீச்சர் போனதும் அப்பா முகம் கழுவினார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார், தலை வாரினார். பஞ்சு அவர் காலையே சுற்றி வந்தாள்.

"நானும் வரேன்ப்பா."

"நீ எதுக்கு? அந்த இடத்தப் பெருக்கி வை."

"அக்காவுக்கா?"

"ஆமா," என்றார் அப்பா.

அவள் பெருக்கினாள். அக்கா உட்காரும் மணைப்பலகையை ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, பழைய இடத்தில் கொண்டுவந்து போட்டாள். பிறகு பின்பக்கம் போய், பஞ்சுக் குவியலில் தலையை ஆசை தீரப் புரட்டிக்கொண்டு வந்தாள். ஒட்ட வெட்டிய முடியில் அவ்வளவாக நிற்கவில்லை. நின்றதை உதிராமல் காப்பாற்றிக்கொண்டு, தலையை அசைக்காமல் வாசலில் நின்றாள்.

அப்பா பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டார். தனியாகத்தான் வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார், ஊர் நிலவரம் சொல்வதுபோல.

"முதலாளிகிட்ட சொல்லிட்டேன். என் வீட்டு நகைய அள்ளிட்டு ஓடினவ, நாளைக்கு உங்க கல்லாவையும் அள்ளுவான்னு. என் முன்னாடியே எழுந்து போகச் சொல்லிட்டாரு."

அக்காவின் தோடுகூட அம்மாவின் டப்பாவில்தான் இருந்தது. அம்மாவுக்கு அது தெரியும்.

"அந்தப் பையனுக்கும் வேலை இல்லையாம். இவ தெச்சுதான் சோறாம். வயித்துல வேற சுமந்துக்கிட்டு நிக்கறா."

அம்மா மெதுவாகக் கேட்டாள், "எத்தனை மாசம் இருக்கும்?"

"நான் என்ன டாக்டரா?"

பஞ்சு வாசலிலிருந்து நகரவில்லை. "அக்கா வரலையாப்பா?"

அப்பா அவள் பக்கம் திரும்பிக் குனிந்தார். கோபமாக இல்லை. அன்பாகவே பேசினார். அதைத்தான் அவளால் மறக்கவே முடியாமல் போயிற்று.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டா. நம்ம பஞ்சுதான் சொன்னா, உன் நூல அவதான் காட்டிக் குடுத்தான்னேன்."

"அக்கா என்ன சொன்னா?"

"பஞ்சுவா சொன்னான்னு கேட்டா. ஆமான்னேன். திரும்பவும், பஞ்சுவா சொன்னான்னு கேட்டா. அப்புறம் இறங்கிப் போயிட்டா."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கோணி ஊசியை எடுத்தார். அக்காவின் ஊசி. பிடிக்கும் இடத்தில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. வீட்டிலிருந்து அக்கா எடுத்துப் போன ஒரே பொருள் அதுதான்.

"நம்ம ஊசி இது. இனிமே அந்த இடத்துல நீ உக்காரு. அதான் பெருக்கி வெச்சிருக்கியே."

அவள் உட்கார்ந்தாள். தலையில் ஒட்டியிருந்த பஞ்சை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை.

முப்பத்தாறு வருஷமாக அவள் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. கடை இப்போது அவளுடையது. தெருவே அவளைப் பஞ்சக்கா என்கிறது. எவ்வளவு வேலை குவிந்தாலும், வருகிற பழைய தலையணை எதையும் வேலையாட்கள் பிரிக்கக் கூடாது. முதலில் அவள் மூலைக்குள் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். "பஞ்சக்கா தலையணைக்கு நாடி பாக்கறாங்கடி" என்று கடைப்பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். அக்கா மடித்த நூல் அதற்குப் பிறகு ஒருமுறைகூட விரலில் தட்டுப்படவில்லை. அக்கா தைப்பதையே விட்டுவிட்டாளா, அந்த மடிப்பை மட்டும் விட்டுவிட்டாளா, உயிரோடு இருக்கிறாளா என்று கேட்பதற்கும் ஆளில்லை.

கடையிலிருந்து வெளியே போகும் தலையணை ஒவ்வொன்றிலும் நூலை அவள் உள்ளே மடித்துத்தான் தைக்கிறாள். என்றைக்காவது அதில் ஒன்று அந்தச் சுண்டுவிரலுக்குப் போய்ச் சேரலாம்.

மடிக்காமல் தைப்பது ஒன்றே ஒன்றுதான்.

அப்பா உள்ளறையில் படுத்திருக்கிறார். ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. தலையைத் திருப்ப இன்னொருவர் வேண்டும். காலையில் அவரைத் துடைத்துவிட வரும் நர்ஸம்மா நேற்றும் வாசலுக்கு வந்து சொன்னார்.

"இந்தப் பக்கக் கன்னம் மட்டும் கீறிக்கிட்டே இருக்குங்க. ஆற மாட்டேங்குது. தலையணைய மாத்திப் பாருங்களேன்."

"மாத்திக்கிட்டுத்தான் இருக்கேன்மா. வாரா வாரம் புதுசாத்தான் தெச்சுப் போடறேன்," என்றாள் பஞ்சு.

சிவப்புத் துணி சுற்றிய ஊசியைக் கீழே வைத்துவிட்டு, முடிச்சுக்கு ஒட்ட நூலை வெட்டினாள். முனையை விரலால் தடவிப் பார்த்தாள். தலையணையை உள்ளே எடுத்துப்போய், அந்த மூலை கன்னத்துப் பக்கம் வரும்படி திருப்பி வைத்தாள். அப்பாவின் கண்கள் மட்டும் அவள் கையைத் தொடர்ந்து வந்தன. தொழில் தெரிந்தவர். அவருக்குத் தெரியாததா?