பெண் வீட்டு பஸ்சில் கட்டிய ப்ளெக்ஸ்

போடிமெட்டு மலைச்சாலையில் பாதி தூரம் ஏறியிருந்தோம். டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. பஸ்சுக்குள் கல்யாணப் பெண் பவித்ரா, அவளுடைய அம்மா, தாய்மாமன் செல்வராசு, சிலமலைச் சொந்தக்காரர்கள். மேலே ஏலத்தோட்டத்துக் கோயிலில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் தாலி ஏற வேண்டும்.

மினி பஸ், டிராவலர் ஓட்ட வருகிற தம்பிகள் என்னிடம் பிரேக்கைப் பற்றிக் கேட்பார்கள், கொண்டை ஊசி வளைவைப் பற்றிக் கேட்பார்கள். ப்ளெக்ஸைப் பற்றி ஒருத்தனும் கேட்டதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

1. சிலமலை

காலையில் பெண் வீட்டில் எனக்கு இட்லி வைத்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் என் வண்டிக்கு மூஞ்சியே இல்லை. முன்பக்க கிரில் முழுவதையும் மறைத்து ப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும். ஓரத்தில் வெள்ளைச் சட்டையில் கும்பிட்டபடி செல்வராசு. அவர் முகம்தான் பெரிசு.

"அண்ணே, இது ரேடியேட்டரை அடைக்குது. காத்துப் போகாது. மலையில எஞ்சின் சூடேறிரும். பின்னாடி கண்ணாடியில கட்டிக்கங்க" என்றேன் செல்வராசுவிடம்.

"பின்னாடி கட்டுனா யாருக்குய்யா தெரியும்? மாப்பிள்ளை ஊருக்குள்ள நுழையுறப்ப அவங்க பாக்கணும்ல?"

"படத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி பஸ்சு போய்ச் சேரணும்ல?"

"சரிய்யா, முந்தல் போனதும் கழட்டிருவோம். இப்ப நம்ம ஊருச் சனம் பாக்கட்டும்."

கல்யாண வீட்டில் காலங்காத்தாலேயே மல்லுக்கு நிற்க முடியுமா? சிலமலையிலிருந்து முந்தல் வரை சமவெளி ரோடுதான், எஞ்சின் தாங்கும். சரியென்று கிளப்பினேன்.

2. முந்தல்

முந்தல் என்பது மலை அடிவாரம். அங்கிருந்துதான் ஏற்றம் தொடங்கும். வண்டியை ஓரங்கட்டி எலுமிச்சம்பழம் வைக்க இறங்கினேன். செல்வராசு இறங்கவே இல்லை.

"அண்ணே, ப்ளெக்ஸு."

"முகூர்த்தத்தன்னைக்குப் புள்ள படத்த நடுரோட்டுல அவுக்குறதா? வாயில வைக்காதய்யா அந்தப் பேச்ச."

பின் சீட்டிலிருந்து பெரியவர்கள் ஆளாளுக்கு, "ஆமப்பா, அபசகுனம், வண்டிய எடு, நேரமாச்சு" என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்குச் சாவியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருப்பேன். பெண்ணின் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்த பார்வைதான் தடுத்தது. "கொஞ்சம் பாத்துப் போய்யா" என்றார். பார்த்துப் போவதற்கு என்ன இருக்கிறது, முள்ளைத்தான் பார்க்க வேண்டும். ப்ளெக்ஸின் கீழ் ஓரத்தை மட்டும் தூக்கிச் சொருகினேன். ஏ.சி.யை நிறுத்தினேன். பட்டுச் சேலைக்காரர்கள் புழுங்கிப்போய் என்னைத் திட்டினார்கள்.

3. வளைவு

முதல் சில வளைவுகளில் முள் நடுவில் நின்றது. அப்புறம் ஏறத் தொடங்கியது. ஆள் நிறைந்த வண்டி, செகண்ட் கியர், முன்னால் காற்று இல்லை. வேறென்ன ஆகும்? ஒரு வளைவைத் தாண்டியதும் காய்ந்த இரும்பு வாசனை உள்ளே வந்தது. பானெட் இடுக்கில் ஆவி. கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் ஒதுக்கி ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். "பின் வீலுக்குக் கல்லு போடுங்க, வெரசா!" என்று கத்தினேன். இரண்டு பேர் குதித்து ஓடிப் பாறாங்கல்லை உருட்டி வந்து போட்டார்கள். இடது பக்கம் பள்ளம். எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் வலது பக்கம் வந்துவிட்டார்கள்.

செல்வராசு தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார்.

"யோவ், கைய எடுய்யா! தொறந்தா வெந்நி மூஞ்சியில அடிக்கும். இன்னைக்குப் பொண்ணுக்கு மாமன் இருக்க மாட்டான்!"

வாழ்க்கையில் ஒரு கஸ்டமரை நான் யோவ் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். ஆனால் அவர் கை நின்றது.

"இப்பச் சொல்றேன், கேட்டுக்கங்க. ப்ளெக்ஸை அவுத்தாத்தான் ஃபேன் காத்த இழுக்கும். எஞ்சின் ஆறும், போயிரலாம். அவுக்கலேன்னா எஞ்சின் புடிச்சுக்கும், அப்புறம் வண்டி அசையாது. முகூர்த்தம் இந்த ரோட்டுலதான்."

செல்வராசு நகர்ந்து போய் ப்ளெக்ஸின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். "அவுக்க விட மாட்டேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. "அப்பன் இல்லாத புள்ளதானேன்னு அன்னைக்குக் கல்யாணம் பேசி முடிக்கிறப்ப மாப்பிள்ளை வீட்டு ஆளு ஒருத்தன் சொன்னான். இந்தா பாருடா, மாமன் இருக்கேன்னு அவன் கண்ணுக்கு நேரா போய் நிக்கணும் எனக்கு."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. வெட்டிப் பெருமை என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். புரிந்து என்ன செய்ய? முள் இறங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. "எங்க இருக்கீங்க?" என்று கேட்டதோடு சிக்னல் போய்விட்டது.

அந்த நேரம் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பு வந்து நின்றது. அதன் டிரைவர் தலையை நீட்டி, "எந்தா சேட்டா, வண்டி சூடாயோ?" என்றார். மேலே கேரளப் பக்கம் பல வருசமாக ஓட்டுகிறவர், தமிழாள்தான், பேச்சு மலையாளமாக ஆகிவிட்டது. ஜீப்பில் இருந்த பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ, கல்யாணப் பொண்ணா? நாங்க நாலு பேரு எறங்கி நடக்குறோம், பொண்ண ஏத்தி விடுங்க" என்றாள்.

செல்வராசுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதான் சரி! ஆத்தா, நீ ஜீப்புல முன்னாடி போ. ப்ளெக்ஸு பஸ்சுல மெதுவா வரட்டும்."

பவித்ரா அதுவரை படியில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், எழுந்துவிட்டாள். கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"ஏன் மாமா, படத்துல இருக்கிறவ பஸ்சுல வருவா, நான் ஜீப்புல தொத்திக்கிட்டுப் போகணுமா? யாருக்குக் கல்யாணம், அவளுக்கா எனக்கா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "அண்ணே, கத்தி இருக்கா?" என்றாள். எலுமிச்சம்பழம் அறுக்கிற கத்தியைக் கொடுத்தேன்.

"அபசகுனம், ஆத்தா..."

"நான் அறுத்தா அபசகுனம் இல்ல. என் படம்தானே? மாமா, மணவறையில அப்பா எடத்துல நீங்கதான் நிக்கணும். அப்படிச் சொன்னவன் அதப் பாக்கட்டும். ப்ளெக்ஸுல நின்னு என்ன பண்ணப் போறீங்க? தள்ளுங்க."

செல்வராசு அவளையே பார்த்தார். பிறகு நகர்ந்தார். அவள் நைலான் கயிற்றை அறுக்க அறுக்க, அவரே ப்ளெக்ஸ் தரையில் படாமல் இரண்டு கையாலும் தாங்கிச் சுருட்டிக்கொண்டார்.

4. கோயில்

எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டேன். முள் இறங்க மனசே இல்லாமல் இறங்கியது. ஆறியதும் ஈரச் சாக்கை மூடியின் மேல் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டேன். பவித்ராவின் அம்மா கடிகாரத்தையும் என் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் அவசரப்பட்டால் எஞ்சின் வெடிப்பு விடும். அதையும் அவரிடம் சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினேன்.

பாரம் குறையட்டும் என்று வாலிபர்களை, அதுவரை காத்து நின்ற ஜீப்பில் தொங்கவிட்டோம். கல்லை எடுத்துப் பள்ளத்துப் பக்கம் ஓரமாக உருட்டிவிட்டுக் கிளம்பினோம். வண்டி மூச்சு விட்டது எனக்கே கேட்டது. மேலே மூடுபனி. ஹாரன் அடித்து அடித்துத்தான் ஒவ்வொரு வளைவையும் எடுத்தேன்.

தோட்டத்துக் கோயில் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் ஓடி வந்தார்கள். ஐயர் கத்திக்கொண்டிருந்தார். பெண்ணை நடத்திக்கொண்டு போகவில்லை, ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தேன். பத்தரை ஆகுமுன் கெட்டிமேளம் கேட்டது, அதற்குப் பிறகுதான் கையை எடுத்தேன். எட்டிப் பார்த்தபோது மணவறையில் அப்பா நிற்க வேண்டிய இடத்தில், கசங்கிய வெள்ளைச் சட்டையோடு செல்வராசு நின்றிருந்தார்.

5. இறக்கம்

சாயங்காலம் பெண்ணை விட்டுவிட்டு எல்லோரும் பஸ்சில் ஏறினார்கள். மறுவீட்டுக்கு வரும்வரை அவள் இங்கேதான். செல்வராசு மட்டும் என் கதவுக்குப் பக்கத்தில் தயங்கித் தயங்கி நின்றார். கக்கத்தில் சுருட்டிய ப்ளெக்ஸ்.

"டிரைவரண்ணே, இப்ப எறக்கந்தானே?"

"ஆமா."

"எறக்கத்துல எஞ்சின் சூடாகாதுல்ல?"

"ஆகாது."

"அப்ப முன்னாடி கட்டிக்கிறவா? புள்ளைய இங்க விட்டுட்டு வெறும் பஸ்சா ஊருக்குள்ள போக மனசு வரல."

இறங்கி வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்தேன்.

சிலமலையில் ப்ளெக்ஸைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் ஓடி வந்தன. பவித்ராவின் அம்மா கடைசியாக இறங்கினார். வண்டிக்கு முன்னால் வந்து, முந்தானையால் மகள் முகத்தில் படிந்திருந்த மலைப் புழுதியைத் துடைத்தார். மாப்பிள்ளை முகத்தையும் துடைத்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே படத்தில் இருந்த தம்பி செல்வராசுவின் முகத்தையும் துடைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

இப்போதெல்லாம் கல்யாண புக்கிங் பேசும்போதே சொல்லிவிடுகிறேன். ஏறும்போது முன்பக்கம் ஒரு மாலைகூடக் கிடையாது. யார் சண்டைக்கு வந்தாலும் அதைக் கழட்டாமல் முந்தல் தாண்ட மாட்டேன். இறங்கும்போது பெண் வீட்டார் கேட்டால், கயிறு நானே கொண்டாந்து கட்டித் தருகிறேன்.